உடைந்த கேம் வேறு, வெற்று கேம் வேறு

பெரிய பட்ஜெட் வீடியோ கேம்களைப் பற்றி அடிக்கடி வரும் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. பல கோடி டாலர் கொட்டி, ஐந்தாறு வருடம் உழைத்து எடுத்த கேம்கள் வெளியான அன்றே ஏன் சொதப்புகின்றன? பேட்ச் (வெளியான பின் வரும் திருத்தம்) வந்தால் சரியாகிவிடும் என்று நம்பிக் காத்திருக்கலாமா?

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம், காசு போவது அங்கேதான். சொதப்பிய கேம்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். உண்மையில் அவை இரண்டு ரகம். ஒன்று உடைந்த கேம்: உள்ளே சரக்கு இருக்கும், ஆனால் ஓடாது. மற்றது வெற்று கேம்: ஓடும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. முதல் ரகம் பெரும்பாலும் தேறிவிடும். இரண்டாவதை எந்தப் பேட்ச்சும் காப்பாற்றாது, இடித்துவிட்டு மறுபடி கட்டினால்தான் உண்டு.

உடைந்த ரகத்துக்கு, ஒரு பெரிய நகரத்தில் சுற்றி விளையாடும் சைபர்பங்க் 2077-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. 2020 ஏப்ரலில் வரவேண்டியது செப்டம்பருக்குப் போய், நவம்பருக்குப் போய், கடைசியில் டிசம்பர் 10 அன்று வந்தது. வேலை முடிந்தது, டிஸ்க் அடிக்கத் தயார் என்று அக்டோபரில் அறிவித்த பிறகும் ஒருமுறை தள்ளிப்போட்டார்கள். முன்பதிவு மட்டும் 80 லட்சம். விமர்சகர்களுக்கு வெளியீட்டுக்கு முன் கொடுத்தது பிசி பிரதி மட்டும்தான். அதிலும் தாங்களே பதிவு செய்த காட்சிகளை அவர்கள் காட்டக்கூடாது. கன்சோலில் எப்படி ஓடுகிறது என்பது வாங்கிப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. திரும்ப வைத்தது 2021 ஜூன் 21 அன்று.

அங்கே உடைந்தது என்ன? பிளேஸ்டேஷன் 4 என்பது 2013-ல் வந்த பெட்டி, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். இந்த மாதிரி கேமில் முழு நகரமும் ஒரே நேரத்தில் மெமரியில் உட்காராது. நீங்கள் நகர நகர, அடுத்த தெருவின் கட்டடங்கள், ஆட்கள், டெக்ஸ்சர்கள் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) டிஸ்கிலிருந்து ஓடிவந்து சேரவேண்டும். நடந்து போனால் டிஸ்க் தாக்குப்பிடிக்கும். காரில் வேகமாகப் போனால் சாலை வருவதற்குள் கார் வந்துவிடும். சுவர்கள் களிமண் மாதிரி மொழுக்கென்று நிற்பதும், ஆட்கள் திடீரென்று காற்றிலிருந்து முளைப்பதும் அதனால்தான். கேமைச் செய்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தின் இணைத் தலைவராக இருந்த மார்ச்சின் இவின்ஸ்கி 2021 ஜனவரியில் வீடியோவில் சொன்ன காரணமும் இதைத்தான் ஒட்டி வரும்: முதலில் பிசிக்கு என்று பிரமாதமாகச் செய்துவிட்டு, பிறகு பழைய கன்சோலுக்குள் திணித்துக்கொள்ளலாம் என்று நினைத்தது.

இன்னொன்றையும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பிசியில், ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் ஃபைல் 8 எம்பியைத் தாண்டினால் கெட்டுப்போனது. கண்ணில் பட்ட துப்பாக்கி, துணிமணி, உதிரிப் பொருள் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பவர்களின் ஃபைல் தானாகப் பெருக்கும். அதாவது கேமை ரசித்து, அதிக நேரம் விளையாடியவருக்குத்தான் முதலில் அடி. ஆரம்பத்தில் கிடைத்த ஆலோசனை, பொருட்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது. 2020 டிசம்பர் கடைசியில் வந்த 1.06 பேட்ச் அந்த வரம்பை எடுத்துவிட்டது, ஆனால் ஏற்கெனவே கெட்ட ஃபைல்கள் கெட்டவைதான்.

இவ்வளவுக்கும் அது மீண்டது. 2022 பிப்ரவரியில் 1.5 பேட்ச், 2023 செப்டம்பரில் 2.0, அதோடு ஃபாண்டம் லிபர்ட்டி என்ற விரிவாக்கம். கதை, நகரம், குரல் நடிப்பு, கிளைக்கதைகள் எல்லாம் முதல் நாளே உள்ளே இருந்தன, மேலே மண் மூடியிருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது காரணம் காசு: முதல் பத்து நாளிலேயே 1.3 கோடிப் பிரதிகள் போயிருந்தன. மூன்று வருடம் பழுது பார்க்கச் சம்பளம் கொடுக்க முடிந்தது அதனால்தான்.

இனி வெற்று ரகம். 2019 பிப்ரவரி 22 அன்று வந்த ஆந்தம். பறக்கும் கவசம் மாட்டிக்கொண்டு சுடும் கேம், பயோவேர் செய்தது, இஏ வெளியிட்டது. பறப்பது நிஜமாகவே அருமையாக இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் குகைக்குள் நுழைந்தால் லோடிங், வெளியே வந்தால் லோடிங், கூட்டாளிகளைவிடப் பின்தங்கினால் அவர்களிடம் இழுத்துக்கொண்டு போக இன்னொரு லோடிங். இதெல்லாம் உடைசல் கணக்கு. சரி செய்யலாம், ஓரளவு செய்தார்கள்.

உள்ளே இருந்த வெறுமையைக் காட்டிக்கொடுத்தது வேறொன்று. வெளியாகி ஒன்றிரண்டு வாரத்தில் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்: முதல் லெவலில் இலவசமாகக் கையில் கொடுக்கும் சாதாரண ரைஃபிள், நூறு மணி நேரம் உழைத்துச் சம்பாதித்த உச்ச ரக ஆயுதங்களைவிட வேகமாக எதிரியை வீழ்த்துகிறது. எதிரியின் பலத்துக்கு ஏற்ப ஆயுதத்தைச் சமன்படுத்தும் கணக்கில் கோளாறு. திரையில் ஆயுதத்தின் மேல் இருக்கும் எண் ஒன்று, உள்ளே நடக்கும் கணக்கு வேறு. கூட்டலைத் திருத்திவிடலாம்தான். ஆனால் இது பொருள் சேர்ப்பதே மூச்சான கேம். அதிக எண் உள்ள துப்பாக்கிக்காக அதே சில மிஷன்களைத் திரும்பத் திரும்ப ஓடவேண்டும், அதைத் தவிர அங்கே செய்ய வேறு வேலை இல்லை. அந்த எண்ணுக்கே அர்த்தமில்லை என்றால் மிச்சம் என்ன? இரண்டு வருடம் கழித்து, 2021 பிப்ரவரியில், கேமை இடித்துக் கட்ட வைத்திருந்த மறுகட்டுமானத் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2026 ஜனவரி 12 அன்று சர்வரும் நின்றுவிட்டது.

ஆந்தம் உருவான விதம் 2019 ஏப்ரலில் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் எழுதிய நீண்ட கட்டுரையில் வெளியே வந்தது. பறத்தல் வேண்டுமா வேண்டாமா என்பதே பல வருடம் முடிவாகவில்லை, போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். 2017-ல் மேடையில் காட்டிய டெமோவைப் பார்த்துத்தான், நாம் செய்வது இதுதானா என்று உள்ளே இருந்தவர்களுக்கே பிடிபட்டது. அதே நிறுவனத்தின் மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ராமிடாவுக்கும் இதே ஜாதகம். ஐந்து வருடத் தயாரிப்பு, ஆனால் கையில் கிடைத்த கேமின் பெரும்பகுதி கடைசி ஒன்றரை வருடத்தில் செய்தது. கணினியே உருவாக்கும் எண்ணற்ற கிரகங்கள் என்ற கனவைத் துரத்திவிட்டு, அது நடக்காது என்று தெரிந்தபின் கையால் செய்ய உட்கார்ந்தார்கள்.

முதல் கேள்விக்கான பதில் இங்கேதான் கிடைக்கிறது. பணம் அதிகமானால் தரம் கூடும் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். பணம் என்றால் ஆட்கள். 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் சோனி தாக்கல் செய்த ஆவணத்தில் கருப்பு மையால் அடித்தும் தெரிந்துவிட்ட எண்கள் உண்டு: த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் 22 கோடி டாலர், உச்சத்தில் 200 பேர்; ஹொரைசன் ஃபார்பிட்டன் வெஸ்ட் 21.2 கோடி டாலர், 300 பேர். (இரண்டுமே நன்றாக வந்த கேம்கள், அளவு புரியட்டும் என்று சொல்கிறேன்.) ஒரு ஆளுக்கு மாதம் 10,000 டாலர் என்று குறைத்தே வைத்தாலும், 300 பேர் ஒரு மாதம் உட்கார்ந்தால் 30 லட்சம் டாலர் காலி. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் 3.6 கோடி. இதில் விளம்பரத்துக்கு ஒதுக்கியது சேரவில்லை.

அந்த 300 பேரைச் சும்மா உட்கார வைக்கவும் முடியாது. கேம் என்னவென்று முடிவாகாத காலத்திலும் ஓவியர்கள் கட்டடம் வரைந்துகொண்டே இருப்பார்கள், அனிமேஷன்காரர்கள் நடையைச் செதுக்கிக்கொண்டே இருப்பார்கள். திசை மாறும்போது அதெல்லாம் குப்பைக்கு. பத்து பேர் குழுவில் தப்பான யோசனையை ஒரு மதியத்தில் தூக்கிப் போடலாம். முந்நூறு பேர் இரண்டு வருடம் சுமந்ததைத் தூக்கிப் போட யாருக்கும் தைரியம் வராது. அதனால் அது கேமுக்குள்ளேயே தங்கிவிடும். நாம் விளையாடும்போது, இதை எதற்கு வைத்தார்கள் என்று தோன்றும் பல விஷயங்கள் இப்படித் தங்கிப்போனவைதான்.

இன்ஜின், அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள், இன்னொரு தலைவலி. ஆந்தமும் ஆண்ட்ராமிடாவும் ஓடிய ஃப்ராஸ்ட்பைட் என்பது டைஸ் ஸ்டுடியோ பேட்டில்ஃபீல்ட் வரிசைக்காகக் கட்டியது. சுட, வெடிக்க, கட்டடம் இடிய அதற்கு நிகர் குறைவு. ஆனால் நாயகனின் பையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் வசதி, நினைத்த இடத்தில் சேவ் செய்வது போன்றவை அதில் இல்லை, சுடும் கேமுக்கு அவை தேவைப்படவில்லை. கதை சார்ந்த கேம் செய்யும் குழுவின் தலையில் அதைக் கட்டினால், முதல் ஒன்றிரண்டு வருடம் கேம் செய்ய அல்ல, கருவி செய்யத்தான் போகும்.

பிழையும் வெறுமையும் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதற்கு 2013 பிப்ரவரியில் வந்த ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் ஒரு வேடிக்கையான சாட்சி. முன்பு காட்டிய டெமோவுக்கும் கைக்கு வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. வழக்கு போட்டார்கள், பிரிட்டனில் டிரெய்லரில் மறுப்புக் குறிப்பு போடவேண்டி வந்தது. அதில் வேற்றுக்கிரக ஜந்துக்கள் மூளையில்லாமல் நேரே நம்மை நோக்கி ஓடிவரும். நாலு வருடம் கழித்து, 2017-ல், ஒரு மாடர் (கேமைத் தானே மாற்றியமைக்கும் ரசிகர்) அமைப்பு ஃபைலைத் திறந்து பார்த்தபோது ஒரே ஒரு எழுத்துப் பிழை. 'டெதர்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு 'ஏ' கூடுதலாக விழுந்திருந்தது. ஜந்துவை ஓர் இடத்தோடு பிணைத்து, பதுங்கவும் பக்கவாட்டில் சுற்றி வரவும் சொல்லும் கட்டளை அது. பெயர் தப்பாக இருந்ததால் இன்ஜின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, பிழைச் செய்தியும் காட்டவில்லை. அந்த எழுத்தை அழித்ததும் ஜந்துக்கள் கொஞ்சம் புத்தியோடு சிதறி வர ஆரம்பித்தன. சரி, அதனால் கேம் நல்ல கேம் ஆனதா? இல்லை. சண்டை கொஞ்சம் தேறியது, கதையும் களங்களும் அப்படியேதான்.

வெறுமையைக் குணப்படுத்தியவர்களே இல்லையா என்றால், உண்டு, விலைதான் பயங்கரம். 2010 செப்டம்பரில் வந்த ஆன்லைன் கேமான ஃபைனல் ஃபேண்டஸி 14-ல், அலங்காரத்துக்கு வைத்த ஒரு பூத்தொட்டிக்கு ஆட்டக்காரரின் உருவத்துக்கு இருந்த அளவு பாலிகன் (உருவத்தை ஆக்கும் சிறு முகங்கள்), சுமார் ஆயிரம். பின்னால் பொறுப்பேற்ற நாவோக்கி யோஷிடா சொன்ன உதாரணம் இது. திரையில் இருபது பேர் சேர்ந்தாலே திணறியதற்கு அந்தத் தொட்டி மனப்பான்மைதான் காரணம்: அழகுக்குச் செலவு, ஆட்டத்துக்குப் பஞ்சம். நிறுவனம் 2012 நவம்பரில் அந்த உலகத்தையே மூடிவிட்டு, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தது. அது பேட்ச் அல்ல, இன்னொரு கேம். மாதச் சந்தா வரும் கேம் என்பதாலும், தொடரின் பெயரே பணயத்தில் இருந்ததாலும் அப்படிச் செலவழித்தார்கள். எல்லோரும் செய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இதே இடத்தில் நோ மேன்ஸ் ஸ்கை பெயரை யாராவது இழுப்பார்கள். 2016-ல் வாங்கிய திட்டெல்லாம் கழுவி, வருடக்கணக்கில் இலவச அப்டேட் கொடுத்து எழுந்தது உண்மை. ஆனால் அது கையளவு ஆட்கள் உள்ள ஸ்டுடியோ, முதல் விற்பனைப் பணத்தில் பல வருடம் ஓடமுடியும். 300 பேர் உள்ள இடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஆன்லைன் மட்டும் என்று வரும் கேம்களுக்கு எழுந்திருக்க நேரமே கிடைப்பதில்லை. கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது, இரண்டே வாரம். பிசி கேம் கடையான ஸ்டீமில் ஒரே நேரத்தில் விளையாடியவர்கள் உச்சத்தில் 697 பேர். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். அந்த 697-ஐ ஆட்ட வகை, திறமை, சர்வர் தூரம் என்று பிரித்தால் எதிரியே கிடைக்காது. ஆள் இல்லாததால் ஆட்டம் சுவைக்காது, சுவைக்காததால் ஆள் வராது. போட்டிக் கேம்கள் இலவசமாக இருந்தபோது இதற்கு 40 டாலர் விலை வேறு. சூசைட் ஸ்குவாட் கேமில் வார்னர் பிரதர்ஸ் 20 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. ரெட்ஃபால் 2023 மே மாதம் எக்ஸ்பாக்ஸில் வினாடிக்கு 30 ஃப்ரேமில் (படங்களில்) வந்தது, அக்டோபரில் 60 ஃப்ரேம் கொடுத்தார்கள், அடுத்த மே மாதம் ஸ்டுடியோவையே மூடினார்கள். முப்பது அறுபதானபின் அந்த வெறுமை இரண்டு மடங்கு வழுக்கிக்கொண்டு ஓடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நடைமுறைக்கு வருவோம். பிசியில் திக்கித் திக்கி ஓடும் கேம் தேறுமா என்று நீங்களே சோதிக்கலாம். திக்கலில் இரண்டு வகை. ஒன்று ஷேடர் திக்கல். ஷேடர் என்பது ஒளி, நிழல், நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்: ஒவ்வொரு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் டிரைவருக்கும் ஏற்றபடி ஷேடர்களை அந்தந்த கணினியிலேயே மொழிபெயர்க்கவேண்டும். கன்சோலில் ஒரே வன்பொருள் என்பதால் முன்கூட்டியே செய்து கொடுத்துவிடுவார்கள். பிசியில் ஒரு வெடிப்பு முதல்முறை திரையில் வரும் கணத்தில் மொழிபெயர்த்தால் படம் உறைந்து நிற்கும். மற்றது நகர்வுத் திக்கல்: ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது புதிய சரக்கை ஏற்றுவதில் வருவது.

சோதனை இதுதான். ஒரு பாதையில் ஒருமுறை போய்விட்டு, அதே பாதையில் மறுபடி வாருங்கள். இரண்டாம் முறை வழுக்கிக்கொண்டு போனால் ஷேடர். தொடக்கத்தில் ஷேடர் தயாரிக்கும் திரையை ஓடவிட்டு முடியவிடுங்கள், பாதியில் தாண்டாதீர்கள், டிரைவர் மாற்றினால் மறுபடி ஓடும். பேட்ச்சில் இது எளிதாகச் சரியாகும். அதே வாசலில், அதே வளைவில் மறுபடி மறுபடி நின்றால் அது நகர்வு. கேமின் அடித்தளத்திலேயே இருக்கிறது, எஸ்எஸ்டியில் (சுழலாத வேக டிஸ்கில்) போட்டால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போவது அரிது. வீடியோ மெமரி 8 ஜிபி கார்டாக இருந்து, கேம் அதைத் தாண்டிக் கேட்டால், டெக்ஸ்சர் ஒன்றை மட்டும் ஒரு படி இறக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் இறக்கி அழகைக் கெடுக்கவேண்டாம்.

சராசரி ஃப்ரேம் எண்ணை நம்பாதீர்கள். 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி வினாடி. பத்து வினாடிக்கு ஒருமுறை 200 மில்லி வினாடி உறைந்தாலும் சராசரி கிட்டத்தட்ட 59 என்றே காட்டும், ஆனால் கண்ணில் குத்தும். பார்க்கவேண்டியது ஃப்ரேம் நேர வரைபடம். அதில் ஊசிகள் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியது, விமர்சனம் எப்போது, எந்தப் பிரதிக்கு வருகிறது என்பது. 2014-ல் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி விமர்சனங்களை, கேம் விற்பனைக்கு வந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளியிட விட்டார்கள். அப்படி ஒளித்தால் காரணம் இருக்கும். உங்களிடம் உள்ள கன்சோலில் பதிவான, வெட்டாத காட்சி ஒன்றுகூட இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். பந்திக்கு முந்தும் பழக்கம் இங்கே நஷ்டம். டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் பணம் திரும்ப வரும். கேமைத் திறந்தபின் நடக்கும் ஷேடர் தயாரிப்பும் அந்த இரண்டு மணியில் சேரும். 2024-லிருந்து, வெளியீட்டுக்கு முன்பே விளையாட விடும் நாட்களும் சேரும். அதனால் கதையில் மூழ்காமல் முதல் திறந்தவெளிப் பகுதி வரை போய், வரைபடத்தைப் பார்த்து, சேவ் செய்து, வெளியேறி, மறுபடி திறந்து பாருங்கள். 90 நிமிடத்தில் முடிவெடுங்கள். பிளேஸ்டேஷன் கடையில் இந்தச் சலுகை இல்லை: பதிவிறக்கம் தொடங்கிவிட்டால், கேமே பழுதாக இருந்தாலொழிய பணம் வராது. முன்பதிவு செய்தவர்கள் தானாகப் பதிவிறங்கும் அமைப்பை அணைத்து வையுங்கள்.

ஏற்கெனவே கையில் இருக்கும் கேமுக்கு, முதல் மூன்று பேட்ச் குறிப்புகளைப் படியுங்கள். கிராஷ், மெமரி, இன்ன மிஷன் நின்றுபோனது என்று பட்டியல் நீண்டால் அது உடைசல், ஆறு மாதம் கழித்து எடுத்து விளையாடலாம். புதிய உடை, வாராந்திரப் போட்டி, நாணயம் என்றே இருந்தால் தேறாது. ஆண்ட்ராமிடா 2017 மார்ச்சில் வந்தது, ஆகஸ்டிலேயே கதைக்கு இனி எதுவும் வராது என்று சொல்லிவிட்டார்கள். கதை விரிவாக்கத்தை அறிவிக்காமல் அரை வருடம் ஓடினாலே புரிந்துகொள்ளலாம்.

தனியாக விளையாடும்போதும் இணையம் கேட்கும் கேமாக இருந்தால், மூடும் முன் ஆஃப்லைன் வசதி கொடுக்கிறார்களா என்று பாருங்கள். ரெட்ஃபாலுக்குக் கடைசி அப்டேட்டில் கொடுத்தார்கள், சூசைட் ஸ்குவாடுக்கு 2024 டிசம்பரில் கொடுத்தார்கள், கான்கார்ட் வாங்கியவர்களுக்குப் பணத்தையே திருப்பினார்கள். ஆந்தம் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. போட்டால் சர்வரைத் தேடிக்கொண்டே நிற்கும்.